கால்கள் மட்டும் பருத்து வலிக்கின்றன: உடற்பருமனா, யானைக்காலா, லிப்பிடீமாவா?

கேள்வி: வாலாஜாப்பேட்டை ஆசிரியை

வணக்கம். ராணிப்பேட்டை மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் பணியாற்றுகிறேன். வயது நாற்பதைக் கடந்துவிட்டது. இடுப்பில் தொடங்கிக் கணுக்கால் வரை என் இரண்டு கால்களும் ஒரே அளவாகப் பருத்திருக்கின்றன. பாதங்கள் மட்டும் மெலிந்தே இருக்கின்றன. மெட்டி விரலில் தளர்வாகச் சுழல்கிறது, ஆனால் கொலுசைக் கணுக்காலில் சுற்றினால் திருகாணி எட்டுவதில்லை. பூப்பெய்திய காலத்தில் தொடங்கிய இந்தப் பருமன் முதல் பிரசவத்துக்குப் பிறகு கூடியது. இப்போது மாதவிலக்கு முறை தவறி வரும் வயதில் மீண்டும் கூடிவருகிறது.

பருமனைவிட வலிதான் என்னை அதிகமாக வாட்டுகிறது. வகுப்பில் ஒரு குழந்தை ஓடிவந்து தொடையில் சாய்ந்தாலே சுரீரென்று வலிக்கிறது. எங்கே இடித்துக்கொண்டேன் என்று நினைவுகூட இல்லாத இடங்களில் நீலம் பாய்ந்து கிடக்கிறது. மாலையில் பள்ளி முடிந்து பேருந்து நிறுத்தத்தை அடைவதற்குள் கால்கள் கனத்து, படியேறுவதற்குக் கைப்பிடியை இறுகப் பற்ற வேண்டியிருக்கிறது.

அம்மாவுக்கும் இதே கால்கள்தான். அவர் வளர்ந்த தெருவில் யானைக்கால் நோய் கண்டவர்கள் பலர் இருந்தமையால் ஊரார் அவரையும் அவர்களோடு சேர்த்தே பேசினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் காலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதை இன்றும் சொல்லிக் கலங்குவார். அந்த அச்சத்தால் நானும் இரவில் எடுக்கும் இரத்தப் பரிசோதனையைச் செய்துகொண்டேன்; கிருமி எதுவும் இல்லை என்றார்கள். தைராய்டு, சிறுநீரகம், இதயம் ஆகியவற்றின் பரிசோதனைகளிலும் கால் இரத்தக்குழாய்களின் டாப்ளர் ஸ்கேனிலும் குறை ஏதும் தெரியவில்லை. பார்த்த மருத்துவர் ஒருவர், என் காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். சோற்றைப் பாதியாக்கினேன், எண்ணெய்ப் பலகாரங்களை விட்டேன், விடியற்காலையில் நடந்தேன். கன்னம் ஒட்டிப்போயிற்று, ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்க வேண்டியதாயிற்று. தொடையும் கெண்டைக்காலும் மட்டும் அப்படியே நிற்கின்றன.

சொல்லத் தயங்கினாலும் இதையும் எழுதிவிடுகிறேன். உறவினர் திருமணங்களுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். மாடியில் நடக்கும் பயிற்சி வகுப்புகளுக்கு வேறு ஆசிரியரை அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். "வாயைக் கட்டினால் எல்லாம் சரியாகும்" என்று ஒருவர் சொல்லும்போது பதில் சொல்ல வார்த்தை வருவதில்லை. அண்மையில் லிப்பிடீமா என்ற பெயரை ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு இருப்பது அதுதானா? வேலூரில் எந்தத் துறையை அணுக வேண்டும்? இதோடு நல்லபடியாக வாழ என்ன செய்யலாம்? எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளை நினைத்தும் கவலையாக இருக்கிறது.

பதில்: காட்பாடி, இயன்முறை சிகிச்சையாளர்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நிணநீர் வீக்கம் (திசுக்களிலிருந்து வடிய வேண்டிய நீர் தேங்கி வருவது) உள்ளவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பணியில் நெடுங்காலமாக இருக்கிறேன். நேரில் தொட்டுப் பார்க்காமல் எவரும் நோயை உறுதிசெய்ய இயலாது; எனினும் மெட்டியையும் கொலுசையும் பற்றி நீங்கள் எழுதிய வரி, மருத்துவர் தேட வேண்டிய முதன்மையான அடையாளத்தையே சொல்லிவிடுகிறது. லிப்பிடீமாவில் தோலுக்கடியில் உள்ள கொழுப்புத் திசு இரண்டு கால்களிலும் சமமாகப் பெருகி, கணுக்காலில் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டியதுபோல் சட்டென்று நின்றுவிடும், பாதத்துக்குள் இறங்காது. சிலருக்கு மேற்கைகளிலும் இது வரும், அப்போதும் உள்ளங்கையும் விரல்களும் மெலிந்தே இருக்கும். தொட்டால் வலிப்பது, எளிதில் இரத்தம் கட்டுவது, பூப்பு, கருவுறுதல், மாதவிலக்கு நிற்றல் ஆகிய காலங்களில் கூடுவது, தாய்வழியிலோ தந்தைவழியிலோ பெண்களிடம் தொடர்ந்து வருவது, உணவைக் குறைத்தால் மேலுடம்பு இளைத்துக் கால் இளைக்காமல் இருப்பது ஆகிய எல்லாமே உங்கள் கடிதத்தில் இருக்கின்றன.

யானைக்கால் நோயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வட ஆர்க்காட்டுப் பக்கத்தில் பருத்த கால் என்றாலே நினைவு அங்கேதான் போகிறது. அது கொசுவால் பரவும் புழுக்களால் நிணநீர்க் குழாய்கள் கெட்டுப்போவதால் வருவது. பெரும்பாலும் ஒரு காலில் தொடங்கும், அல்லது இரண்டு கால்களிலும் வேறுவேறு அளவில் இருக்கும்; பாதத்தின் மேற்புறமும் விரல்களும் சேர்ந்தே வீங்கும். இரவு இரத்தப் பரிசோதனையில் கிருமி இல்லை என்பதை மட்டும் வைத்து அந்த நோய் இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது. வீக்கம் நாட்பட்டுப் போனவர்களின் இரத்தத்தில் பல நேரங்களில் கிருமி தென்படுவதில்லை. ஆகவே காலைப் பார்த்தும் தொட்டும் அறிவதே முக்கியம். இரண்டாவது கால்விரலின் அடிப்பகுதியில் உள்ள தோலை மருத்துவர் இரு விரல்களால் கிள்ளித் தூக்கிப் பார்ப்பார். தோல் மடிந்து எழாவிட்டால் நிணநீர் வீக்கம் என்று கொள்வார்கள். லிப்பிடீமாவில் அது எளிதாக எழும். கெண்டைக்காலை விரலால் சிறிது நேரம் அழுத்தி எடுத்தால் குழி விழுகிறதா என்பதையும் பார்ப்பார்கள். இதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் கோளாறால் வரும் நீர்வீக்கத்தில் குழி விழும், தொடக்க நிலை லிப்பிடீமாவில் பொதுவாக விழாது. யானைக்கால் தடுப்புக்காக வீடு வீடாகக் கொடுத்துவந்த மாத்திரை ஊர் நலனுக்கானது, ஆனால் அது இந்தக் கொழுப்பை எதுவும் செய்யாது. நீர் போக்கும் மாத்திரைகளுக்கும் இதில் வேலை இல்லை.

இந்த நோயைத் தனியாக இனங்கண்டு முதலில் எழுதியவர்கள் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆலனும் ஹைன்ஸும், ஆண்டு 1940. அதற்குப் பிறகும் நெடுங்காலம் இதை உடற்பருமனோடு சேர்த்தே எண்ணிவந்தார்கள். உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2022ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதில்தான் லிப்பிடீமாவுக்குத் தனிக் குறியீடு கிடைத்தது. உங்கள் காலைத் தொடாமலே அனுப்பிவைத்தவரின் செயலை இது நியாயப்படுத்தாது. ஆனால் பல மருத்துவர்கள் தம் படிப்புக் காலத்தில் இதைப் பற்றி அதிகம் படித்திருக்கமாட்டார்கள் என்பதைப் புரிந்துகொள்ள உதவும்.

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையின் இரத்தக்குழாய் அறுவை மருத்துவத் துறையையோ உடலியக்க மறுவாழ்வு மருத்துவத் துறையையோ அணுகுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது அறுவை மருத்துவப் பிரிவிலும் காட்டலாம். "உடல் இளைத்தும் கால் இளைக்கவில்லை, தொட்டால் வலிக்கிறது, பாதம் வீங்குவதில்லை" என்ற மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பேச்சு சரியான திசையில் போகும்.

இனி அன்றாட வாழ்க்கை. அழுத்தக் காலுறை வலியையும் கனத்தையும் குறைக்கும், கொழுப்பைக் கரைக்காது. மருந்துக்கடையில் கிடைக்கும் மீள்துணிக் கட்டை (எலாஸ்டிக் பேண்டேஜை) நீங்களே சுற்றிக்கொள்ள வேண்டாம். ஓரிடத்தில் இறுகி மற்றோரிடத்தில் தளர்ந்து தீங்கே செய்யும். முழங்காலுக்குக் கீழே முடியும் உறையும் உங்களைப் போன்ற கால்களில் மேல் விளிம்பில் வெட்டிக்கொண்டு நிற்கக்கூடும். இடுப்புவரை வரும் உறையை அளவெடுத்து வாங்குவது நல்லது. நீரிழிவு உள்ளவர்கள், காலுக்கு இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே அணிய வேண்டும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் நாள் முழுவதும் இதை அணியச் சொல்வது கொடுமை என்பதை நான் அறிவேன். அந்த மாதங்களில் காலை எழுந்தவுடன் அணிந்து நண்பகல் வரை மட்டும் வைத்திருங்கள். உறையின் மேல் இலேசாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டு மின்விசிறியடியில் அமர்ந்தால் தாங்கும்படி இருக்கும். நாள்தோறும் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். ஏறத்தாழ ஆறு மாதங்களில் அதன் பிடிப்புத் தளர்ந்துவிடும் என்பதால் அந்தச் செலவையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீச்சலும், மார்பளவு நீரில் நடப்பதும் இதற்கு மிகவும் ஏற்றவை, நீரின் அழுத்தமே காலுக்கு உறையாகிறது. பெண்கள் கூச்சமின்றி இறங்கக்கூடிய குளங்கள் நம் பக்கத்தில் அரிது என்பதால் நடையையும் மிதிவண்டியையும் கைக்கொள்ளுங்கள். வகுப்பில் உயரமான முக்காலி ஒன்று கேட்டு வாங்குங்கள். பாடவேளைதோறும் அமர்ந்து கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள். வீட்டில் எண்ணெய் தேய்த்துக் காலை அழுத்தி உருவிவிடுவார்கள், அதை மட்டும் தடுத்துவிடுங்கள். இரத்தம் கட்டுவதும் வலி கூடுவதும்தான் மிஞ்சும். எடை இயந்திரத்தின் எண்ணை அளவுகோலாகக் கொள்ளாமல், எவ்வளவு நேரம் வலியின்றி நிற்க முடிகிறது, இரவில் தூக்கம் எப்படி, எத்தனை படி ஏறினால் நிற்க வேண்டியிருக்கிறது என்பவற்றை மாதம் ஒருமுறை குறித்துவையுங்கள். வயிற்றின் சுற்றளவு உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருந்தால் உணவைப் பற்றி இதற்குமேல் உங்களை வருத்திக்கொள்ளத் தேவையில்லை.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிக் கெண்டைக்காலில் வலித்தாலோ, தோல் சிவந்து காய்ச்சல் வந்தாலோ, இவை எதற்கும் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பதில்: ஆம்பூர், தோல் காலணித் தொழிற்சாலைத் தையல் பிரிவு

அக்கா, உங்கள் கடிதத்தில் என் கால்களையே கண்டேன். எனக்கு லிப்பிடீமா என்று மறுவாழ்வு மருத்துவர் ஒருவர் உறுதிசெய்து சில ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு மேற்கைகளிலும் இருக்கிறது. வளையல் எளிதாக ஏறும், ரவிக்கையின் கைதான் ஏறாது.

மருத்துவத்தைப் பற்றி மேலே எழுதியவர் நன்றாகச் சொல்லிவிட்டார். திருமணங்களுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன் என்று எழுதினீர்களே, அதைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன். நானும் அப்படித்தான் ஒதுங்கினேன். பந்தியில் தரையில் அமர்ந்தால் எழ முடியாது என்பதால் உறவு வீடுகளைத் தவிர்த்தேன். படி உயரமான பேருந்து வந்தால் அடுத்ததற்காக நின்றேன். நாளடைவில் வேலைக்கும் வீட்டுக்கும் இடையே வேறு போக்கே இல்லாமற்போயிற்று. வலியைவிட அந்த ஒதுக்கம் என்னை அதிகமாக உருக்கியது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். எனக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர், போலந்து நாட்டு ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். லிப்பிடீமா உள்ள பெண்களில், நோயின் கடுமை ஒரே அளவாக இருந்தாலும், மற்றவர்களோடு பிணைப்பு உள்ளவர்களின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டதாக இருந்ததாம். வெளியே வந்து பழகுவதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று அவர் அதை எனக்கு விளக்கினார்.

அதனால் சிலவற்றை வாய்விட்டுக் கேட்டுப் பெறத் தொடங்கினேன். விருந்துக்கு அழைப்பவர்களிடம் "எனக்கு ஒரு நாற்காலி போட்டுவிடுங்கள், வருகிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். இதுவரை யாரும் மறுக்கவில்லை. தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் கீழே கால் வைத்துக்கொள்ள ஒரு பலகை கேட்டேன். மேற்பார்வையாளர் முதலில் தயங்கினார், மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டிய பிறகு போட்டுக்கொடுத்தார். வீட்டில் குந்தி அமரும் கழிப்பிடத்தின் மேல் வைக்கும் நாற்காலி ஒன்று வாங்கினோம். என் முழங்கால்களுக்கு எந்த மாத்திரையும் அளிக்காத நிம்மதியை அது அளித்தது. வேலை தொடங்குமுன் எங்கள் பிரிவுப் பெண்கள் சிலர் சேர்ந்து நடக்கிறோம். அவர்கள் எல்லாருக்கும் என் காலைப் பற்றித் தெரியும், யாரும் அதைப் பற்றிக் கேள்வி கேட்பதில்லை.

மாமியார் நெடுநாள் "சோற்றைக் குறை" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது அவரையும் அழைத்துச் சென்றேன். மருத்துவர் என் பாதத்தையும் கெண்டைக்காலையும் காட்டி அவருக்கு விளக்கினார். அன்று வீடு திரும்பும் வழியில் தன் சின்னம்மாவுக்கும் இதே கால்கள் இருந்தன என்று அவரே சொன்னார். அதன்பின் என் தட்டைப் பற்றி அவர் பேசியதில்லை. உங்கள் வீட்டாரில் எவர் சொல் உங்களை அதிகம் காயப்படுத்துகிறதோ அவரையே துணைக்கு அழைத்துச் செல்லுங்கள், அக்கா.

பதில்: ஆரணி வாசகர்

என் மனைவிக்கும் இதே நிலை. பட்டு நெசவில் நெடுநேரம் தறிக்குழியில் கால் தொங்கவிட்டு அமர்வதால் வந்தது என்று இத்தனை நாளும் எண்ணியிருந்தோம். லைப்போசக்‌ஷன் செய்தால் அடியோடு தீர்ந்துவிடும் என்று ஓர் அழகுச் சிகிச்சை நிலையத்தில் சொல்கிறார்கள். பெருந்தொகை கேட்கிறார்கள், நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறோம். அறிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: வேலூர், அறுவை மருத்துவர்

ஆரணி நண்பருக்கு: இப்போது அடகு வைக்க வேண்டாம். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் இந்த அறுவையால் வலியும் கனமும் குறைந்து நடை எளிதானதாகச் சொல்லும் பெண்கள் பலர் உண்டு என்பது உண்மை. ஜெர்மனியில் மூன்றாம் நிலை லிப்பிடீமாவுக்கு 2020ஆம் ஆண்டு முதல் பொதுக் காப்பீட்டிலேயே இதற்கு இடம் கொடுத்தார்கள். ஆனால் சிகிச்சைகளை மதிப்பிட்டு வழிகாட்டும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022ஆம் ஆண்டில், இதன் பாதுகாப்பைப் பற்றிய சான்றுகள் போதாமையால் ஆய்வின் பகுதியாக மட்டுமே செய்ய வேண்டும் என்று அறிவுறுத்தியது. இரண்டு நாடுகளும் ஒரே நோயைப் பார்த்து இப்படி வேறுபடுவதிலிருந்தே, அடியோடு தீர்ந்துவிடும் என்று எவரும் உறுதி கொடுக்க முடியாது என்பது விளங்கும்.

அழகுக்காகச் செய்யும் அறுவையும் இதுவும் ஒன்றல்ல. இதில் எடுக்க வேண்டிய கொழுப்பு மிகுதி என்பதால் உடலின் நீர்ச்சமநிலை பாதிக்கப்படலாம், இரத்தம் உறைந்து குழாயை அடைக்கலாம்; நிணநீர்க் குழாய்களைக் காக்கும் முறை அறியாதவர் செய்தால், இல்லாத நிணநீர் வீக்கத்தை உண்டாக்கிவிடவும் கூடும். பெரும்பாலும் ஒரே தடவையில் முடியாது, பல அமர்வுகள் தேவைப்படும். அதன் பிறகும் அழுத்த உறை அணிய வேண்டும். முதலில் நோயை உறுதிசெய்து, உறையும் பயிற்சியுமாகச் சில மாதங்கள் ஒழுங்காகச் செய்து பாருங்கள். அப்போதும் நடக்க முடியாத அளவுக்கு வலி இருந்தால், லிப்பிடீமாவுக்கு இந்த அறுவையைச் செய்து பழகிய மருத்துவரிடம், இதற்குமுன் எத்தனை பேருக்குச் செய்தீர்கள், அவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று நேராகக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பவரிடம் போக வேண்டாம்.

தறிக்குழியில் அமர்வதால் லிப்பிடீமா வருவதில்லை. ஆனாலும் கால் தொங்கியபடி அசையாமல் இருப்பது கனத்தையும் வீக்கத்தையும் கூட்டும். அவ்வப்போது எழுந்து சிறிது நடந்துவிட்டு அமரச் சொல்லுங்கள். உங்கள் மனைவி தன் உழைப்பால் இந்த நோயைத் தேடிக்கொள்ளவில்லை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

மறுமொழி: வாலாஜாப்பேட்டை ஆசிரியை

எல்லாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. கால்விரல் தோலைக் கிள்ளிப் பார்த்தேன், எளிதாக எழுகிறது. அம்மாவின் காலிலும் பார்த்தேன். அவருக்குக் கணுக்காலுக்குக் கீழேயும் இப்போது சற்று வீங்கத் தொடங்கியிருப்பதால் தோல் தடித்துத் தெரிகிறது. அடுத்த வாரம் வேலூருக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு போகிறேன். மகளுக்கு இப்போதே ஏதேனும் செய்ய வேண்டுமா?

பதில்: காட்பாடி, இயன்முறை சிகிச்சையாளர்

அம்மாவை அழைத்துப் போவது மிகச் சரியான முடிவு. நாட்பட்ட லிப்பிடீமாவோடு நிணநீர் வீக்கமும் சேர்ந்துகொள்வது உண்டு. அவருக்கு வேறு காரணங்களும் இருக்கக்கூடும். விரலிடுக்குகளை நாள்தோறும் கழுவி ஈரம் போகத் துடைக்கச் சொல்லுங்கள், சிறு வெடிப்பு இருந்தாலும் மருந்திடுங்கள். நிணநீர் தேங்கிய காலில் கிருமி எளிதாக நுழைந்துவிடும்.

மகளுக்கு வலியோ நீலம் பாய்வதோ இல்லையென்றால் இப்போது பரிசோதனை எதுவும் வேண்டாம். இந்த நோய் வராமல் தடுக்க மருந்து இல்லை. எல்லா மகள்களுக்கும் இது வருவதும் இல்லை. விளையாட்டு வகுப்பைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; மிதிவண்டி ஓட்டட்டும். வளரும் வயதில் அவளைப் பட்டினி போடவோ, அவள் காலைப் பற்றி உறவினர்கள் பேச இடங்கொடுக்கவோ வேண்டாம். கால்கள் மேலுடம்புக்குப் பொருந்தாமல் பருத்து, தொட்டால் வலிப்பதாக அவளே சொன்னால் அழைத்துவாருங்கள்.

வேலூருக்கு வரும்போது பழைய பரிசோதனைச் சீட்டுகளோடு, உங்கள் இளமைக்காலப் புகைப்படங்களில் கணுக்கால் தெரியும்படி இருப்பவை இருந்தால் எடுத்து வாருங்கள். எந்த வயதில் தொடங்கியது என்பதை மருத்துவருக்கு விளக்க அவை பெரிதும் உதவும். முழங்காலுக்கு மேல் எளிதாக உயர்த்தக்கூடிய தளர்வான உடையில் வாருங்கள். காலை நேரத்திலேயே வந்துவிட்டால், கால்கள் கனப்பதற்கு முன்பு காலுறைக்கு அளவெடுத்துவிடலாம்.